/வார் நிறைந்துவிட்டது: பழைய பேட்ச்களை என்ன செய்வது?

செம்பனை ஆலைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் பழைய யூனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகள் பலர் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, /வார் நிறையப் போகிறது. உள்ளே பார்த்தால் பாதி இடத்தைப் பழைய பேட்ச்தான் பிடித்திருக்கிறது. அழித்துவிடலாமா?" பீடோர், கூலிம், குளுவாங் என்று ஊர்தான் மாறுகிறது. /வார் என்பது லாக், அச்சு வரிசை போன்று வளர்ந்துகொண்டே போகும் கோப்புகள் இருக்கும் டைரக்டரி. பேட்ச் என்பது ஏற்கெனவே நிறுவிய மென்பொருளுக்கு வரும் திருத்தத் தொகுப்பு.

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயா. இங்கே பாதிப் பேருக்கு அது இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் தொடங்கியதும் இந்தப் பக்கம்தான். அந்தப் பெருமையால் டிஸ்க்கில் இடம் கிடைக்கப் போவதில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

பெரும்பாலும் எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸை வைத்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் கேள்விகளில் அதிகம் வருவது அதுதான். சோலாரிஸ், ஏஐஎக்ஸ் என்ற மற்ற யூனிக்ஸ்களை வைத்திருப்பவர்களுக்கும் இடையில் சொல்லியிருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது உங்கள் இயந்திரத்தின் கையேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, நாளைக்கு ஒரு பேட்சைக் கழற்ற வேண்டி வந்தால் கழற்ற முடியுமா என்பது. பேட்ச் சேமிப்பை அழிப்பது என்றால் திரும்பிப் போகும் வழியை விற்று இடம் வாங்குவதுதான். அந்த வழி உங்களுக்கு இன்னும் தேவையா, ஏற்கெனவே பயனற்றுப் போய்விட்டதா என்று பார்த்தால் பாதி முடிவு கைக்கு வந்துவிடும்.

அப்புறம் மற்றவை. இயந்திரத்தை நிறுத்த வேண்டுமா? ஆலையில் லாரி எடைப் பாலம் அந்த சர்வரோடு இணைந்திருந்தால் அரை மணி நேர நிறுத்தம்கூட வாசலில் குலை லாரிகளை வரிசை கட்ட வைத்துவிடும். செலவு உண்டா? ஆறு மாதத்தில் இதே பிரச்சினை திரும்ப வருமா? தவறு நடந்தால் சரிசெய்ய ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து சேர வேண்டும் என்றால் அந்தக் கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுங்கள்.

/வார் முழுதாக நிறைந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லாக், அதாவது நடப்பதைப் பதியும் கோப்பு, எழுதுவது நிற்கும். விஐ எடிட்டர் தன் தற்காலிகக் கோப்பை எழுத இடமில்லாமல் முரண்டு பிடிக்கும். அச்சு வரிசை /வார்/ஸ்பூல்/எல்பியில் இருப்பதால் சம்பளச் சீட்டு அச்சாகாது. கிராணிக்கு விஷயம் தெரிய வருவது அப்போதுதான்.

## அந்தச் சேமிப்பில் இருப்பது என்ன

எச்பி-யூஎக்ஸில் ஒரு பேட்சை எஸ்டபிள்யூ-இன்ஸ்டால் மூலம் போடும்போது, அது மாற்றப்போகும் பழைய கோப்புகளை முதலில் /வார்/ஆட்ம்/எஸ்டபிள்யூ/சேவ் என்ற டைரக்டரியில் எடுத்து வைக்கிறது. பேட்ச் சரிப்படவில்லை என்றால் எஸ்டபிள்யூ-ரிமூவ் கொடுத்தால் அங்கிருந்து பழையதைத் திரும்ப வைத்துவிடும். அந்த நிலையில் இருக்கும் பேட்சின் பெயர் 'அப்ளைடு'. சேமிப்பை நீக்கி, இனிக் கழற்ற முடியாது என்று பதிந்துவிட்டால் அது 'கமிட்டட்'.

கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதற்கான பேட்ச் ஒன்றுக்கு அடுத்த பதிப்பு வந்தால் பழையது 'சூப்பர்சீட்' ஆகிவிடும். ஆனாலும் பழையதன் சேமிப்பு அங்கேயே கிடக்கும். ஆண்டுக்கணக்கில் பேட்ச் போட்டு வந்த இயந்திரத்தில் ஒரே கோப்பின் நான்கைந்து தலைமுறை இப்படிக் குவிந்திருக்கும். குவியல் பெருக்கக் காரணம் இதுதான். திரும்பிப் போகும் வழி பயனற்றுப் போனதும் பெரும்பாலும் இங்கேதான். சூப்பர்சீட் ஆன பேட்சைக் கழற்ற வேண்டுமானால் அதற்கு மேலிருப்பதை முதலில் கழற்ற வேண்டும். நான்கு படி இறங்கி 2006ஆம் ஆண்டுக் கெர்னலுக்கு யார் போகப் போகிறார்கள்?

அவசரத்தில் படிப்பவர்களுக்கு ஒரு அட்டவணை:

| வழி | கிடைக்கும் இடம் | பேட்சைக் கழற்ற முடியுமா | நிறுத்தம் | எப்போது பொருத்தம் |
|---|---|---|---|---|
| மற்ற குப்பையை அள்ளுவது | சொல்ல முடியாது, சில நேரம் மிக அதிகம் | முடியும் | இல்லை | எப்போதும் முதலில் |
| சூப்பர்சீட் ஆனதை மட்டும் கமிட் செய்வது | நடுத்தரம் முதல் அதிகம் | ஒரு படி பின்னால் போகலாம் | இல்லை | பெரும்பாலானோருக்கு |
| எல்லாவற்றையும் கமிட் செய்வது | அதிகம் | முடியாது | இல்லை | இனிப் பேட்சே வராத இயந்திரம் |
| கையால் அழிப்பது | அதிகம் | முடியாது, பதிவும் கெடும் | இல்லை | எச்பி-யூஎக்ஸில் வேண்டாம் |
| /வாரைப் பெரிதாக்குவது | தேவைக்கேற்ப | முடியும் | பெரும்பாலும் உண்டு | இடம் திரும்பத் திரும்ப நிறைந்தால் |

## மற்ற குப்பையை அள்ளுவது

இதற்குப் பெரிய விவாதம் தேவையில்லை. பிடிஎஃப் கொடுத்து எது நிறைந்தது என்று பாருங்கள். பிறகு டியூ கொடுத்து /வாருக்குள் எந்த டைரக்டரி பெரிது என்று பாருங்கள். 'பேட்ச்தான் பாதி' என்று வந்த இயந்திரங்கள் சிலவற்றில் உண்மையான குற்றவாளி /வார்/ஆட்ம்/கிராஷில் எப்போதோ விழுந்து கிடந்த கிராஷ் டம்ப், அதாவது இயந்திரம் செயலிழந்தபோது எழுதிய நினைவக நகல். அதை ஆராய இனி யாரும் இல்லை என்றால் போகட்டும். பழைய சிஸ்லாக், /வார்/டெம்ப்பில் யாரோ விட்டுப்போன டார் கோப்பு, அச்சாகாமல் தேங்கிய வேலைகள் எல்லாம் இந்த வகைதான்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும் லாக்கை ஆர்எம் கொடுத்து அழிக்காதீர்கள். பெயர் போய்விடும், இடம் வராது. அந்த புரோகிராம் கோப்பை மூடும் வரை டிஸ்க் விடுவிக்காது. கோப்பை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்குங்கள்.

பலரும் தவறவிடும் ஒன்று /வார்/ஸ்பூல்/எஸ்டபிள்யூ. இது சேமிப்பு அல்ல, டிப்போ. எஸ்டபிள்யூ-காப்பி கொடுக்கும்போது வேறு இடம் சொல்லாவிட்டால் பேட்ச் தொகுப்பு வந்து உட்காரும் இடம் இதுதான். நிறுவி முடித்த பிறகும் அப்படியே இருக்கும். இதை எடுத்தால், நிறுவிய பேட்சைக் கழற்றும் வசதி எதுவும் போகாது. ஆனால் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. எச்பி பேட்ச்களை இறக்கிக்கொள்ள ஆதரவு ஒப்பந்தம் வேண்டும். எச்பி-யூஎக்ஸின் கடைசிப் பதிப்பான 11ஐ வி3க்கான வழக்கமான ஆதரவே 2025 டிசம்பர் 31இல் முடிந்துவிட்டது. ஆகவே டிப்போவை முதலில் வேறு இயந்திரத்துக்கோ டேப்புக்கோ நகலெடுத்துவிட்டு, அப்புறம் எஸ்டபிள்யூ-ரிமூவ் மூலம் டிப்போ என்று குறிப்பிட்டு நீக்குங்கள். டிப்போவில் சூப்பர்சீட் ஆனதை மட்டும் களைய, பழைய பேட்ச்களைச் சுத்தம் செய்யும் கிளீனப் கட்டளைக்கு '-டி' என்ற விருப்பமும் இருக்கிறது.

## சூப்பர்சீட் ஆனதை மட்டும் கமிட் செய்வது

எனக்குப் பிடித்த வழி இதுதான், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கிளீனப் கட்டளைக்கு '-சி 1' கொடுத்தால், குறைந்தது ஒரு முறையாவது சூப்பர்சீட் ஆன பேட்ச்களைக் கமிட் செய்து அவற்றின் சேமிப்பை நீக்கும். இப்போது செயலில் இருக்கும் பேட்சின் சேமிப்பு அப்படியே இருக்கும். அந்தச் சேமிப்பில் இருப்பது அதற்கு முந்தைய பேட்சின் கோப்புகள். ஆகவே போன மாதம் போட்ட பேட்ச் தகராறு செய்தால் ஒரு படி இறங்கி முந்தையதற்குப் போகலாம். அதற்கும் கீழே போக முடியாது. '-சி 2' கொடுத்தால் இரண்டு படி மிச்சம் வைக்கும், இடம் குறைவாகக் கிடைக்கும். நிஜத்தில் நமக்குத் தேவைப்படுவது அந்த ஒரு படிதான். புதிய பேட்ச் போட்டு, மறுநாள் எடைப் பாலத்தின் சீரியல் இணைப்பு பேசவில்லை என்றால் நேற்று இருந்த நிலை வேண்டும், அவ்வளவே. அதனால் '-சி 1' போதும்.

'-பி' சேர்த்தால் எதையும் தொடாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். முதல் ஓட்டம் எப்போதும் அதோடுதான் இருக்க வேண்டும். பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொண்டு ஷோ-பேட்ச்சஸ் '-எஸ்' காட்டும் சூப்பர்சீட் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடந்தது முழுவதும் /வார்/ஆட்ம்/கிளீனப்.லாக்கில் பதிவாகும். ரீபூட் தேவையில்லை, பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

மறைந்த செலவு பெரிதாக இல்லை. பேட்ச் அதிகமிருந்தால் நேரம் எடுக்கும், பழைய டிஸ்க் கொஞ்சம் முனகும். இடையில் மின்சாரம் போனால் என்னென்ன நிறுவியிருக்கிறது என்ற பதிவேடு அரைகுறையாக நிற்கக்கூடும். இந்தப் பக்கம் பிற்பகல் இடி எப்படி என்று தெரியும்தானே. யூபிஎஸ் பேட்டரி எப்போது மாற்றியது என்று பார்த்துவிட்டு, காலையில் செய்யுங்கள்.

இந்த வழி உதவாத இடமும் உண்டு. இயந்திரத்தை நிறுவியபோது ஒரே பெரிய தொகுப்பாகப் பேட்ச் போட்டுவிட்டு அதற்குப் பிறகு எதுவுமே போடவில்லை என்றால் சூப்பர்சீட் ஆனது என்று எதுவும் இருக்காது. கிளீனப் ஓடி முடித்து 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடும். அப்போது அடுத்த வழியைப் பார்க்க வேண்டியதுதான்.

## எல்லாவற்றையும் கமிட் செய்வது

எஸ்டபிள்யூ-மாடிஃபை கட்டளையில் பேட்ச்_கமிட் விருப்பத்தை ட்ரூ என்று வைத்து, பேட்ச் பெயர்களைக் கொடுத்தால் அவை கமிட் ஆகிவிடும். செயலில் இருப்பவற்றையும் கொடுத்தால் சேமிப்பு டைரக்டரி கிட்டத்தட்ட காலியாகும். இடம் நிறையக் கிடைக்கும். திரும்பும் வழி முழுதாக மூடிவிடும்.

புத்தகங்கள் இதைத் தவிர்க்கச் சொல்லும். நான் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல மாட்டேன். ஆதரவு முடிந்த பதிப்பு, கடைசியாகப் பேட்ச் போட்டே பல வருடம், செக்ரோலும் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவு) சம்பளமும் ஒழுங்காக ஓடுகிறது, இனிப் புதிய பேட்ச் வரப்போவதும் இல்லை என்று வையுங்கள். அந்த இயந்திரத்தில் பேட்சைக் கழற்றும் நாள் எங்கிருந்து வரும்? இத்தனை வருடம் ஓடிய பேட்ச் திடீரென்று இன்று கெட்டுப்போகாது. சம்பளத்தை வேறு இடத்துக்கு மாற்றும் வரை ஒரு வருடம் ஓட்ட வேண்டும் என்றால் முழுக் கமிட் நியாயமான முடிவுதான்.

போன வாரம் பேட்ச் தொகுப்பு போட்ட இயந்திரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒரு மாதச் சம்பள ஓட்டமாவது முழுதாகத் தாண்டட்டும்.

இதற்கு ஈடாகப் பலர் இக்னைட் டேப்பைச் சொல்வார்கள். மேக்-டேப்-ரிகவரி கொண்டு, இயங்குதளம் இருக்கும் டிஸ்க் தொகுதியான விஜி00 முழுவதையும் டேப்பில் எடுத்துவிட்டால் திரும்பிப் போகலாமே என்று. போகலாம், ஆனால் பேட்ச் மட்டும் திரும்பாது, விஜி00இல் இருக்கும் எல்லாமே டேப் எடுத்த நாளுக்குத் திரும்பும். தோட்டத்துச் சர்வர்களில் இடமில்லை என்று சம்பளத் தரவையும் அதே விஜி00க்குள் வைத்திருப்பது சாதாரணம். டேப்பிலிருந்து மீட்டால் இடைப்பட்ட நாட்களின் பதிவு போய்விடும். ஆகவே தரவுக்குத் தனி பேக்கப் இல்லாமல் அந்த டேப்பை நம்ப வேண்டாம். டேப் படிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஈரமும் தூசியும் உள்ள அறையில் டிரைவின் தலை சுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ள முடியாது.

இனிப் போடும் பேட்ச்களுக்குச் சேமிப்பே வேண்டாம் என்று எஸ்டபிள்யூ-இன்ஸ்டாலில் பேட்ச்_சேவ்_ஃபைல்ஸை ஃபால்ஸ் ஆக்குபவர்களும் உண்டு. நெருக்கடி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இது போட்ட கணமே கதவைச் சாத்திவிடும்.

## கையால் அழிப்பது

சேவ் டைரக்டரிக்குள் போய் ஆர்எம் அடிப்பது. எச்பி-யூஎக்ஸில் இதற்கு நான் எந்தச் சூழ்நிலையிலும் ஆதரவு தர மாட்டேன். முழுக் கமிட் தரும் அதே இடம்தான் இதிலும் கிடைக்கும். வித்தியாசம் என்னவென்றால் பதிவேட்டுக்கு விஷயம் தெரியாது. பேட்ச் இன்னும் கழற்றக்கூடியது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். நமக்குப் பிறகு வருபவர் அதை நம்பி எஸ்டபிள்யூ-ரிமூவ் கொடுப்பார். கை கொஞ்சம் தவறிப் பக்கத்தில் இருக்கும் ப்ராடக்ட்ஸ் டைரக்டரியை அழித்துவிட்டால் பதிவேடே போச்சு. அதன் பிறகு இயந்திரத்தில் என்ன நிறுவியிருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

சோலாரிஸ் 10 வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே கமிட் என்று ஒரு கட்டளையே கிடையாது. பேட்ச்ஆட் ஒவ்வொரு பேட்சுக்கும், அது தொடும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனியாக /வார்/எஸ்ஏடிஎம்/பிகேஜி கீழே சேவ் டைரக்டரியில் அண்டூ.இசட் என்ற கோப்பை வைக்கும். புதிய பதிப்பு வந்து பழையது பயனற்றுப் போனால் அதன் பெயர் அப்சலீட்.இசட் ஆகும். பேட்ச்ஆர்எம் இவற்றை வைத்துத்தான் வேலை செய்கிறது. ஆகவே அங்கே கையால்தான் செய்ய வேண்டும், ஆனால் அழிப்பதைவிட இடம் மாற்றுவது நல்லது. ஃபைண்ட் கொண்டு அந்தக் கோப்புகளைத் தேடி, முழுப் பாதையோடு டார் செய்து வேறு டிஸ்க்கில் வைத்து, டார் சரியாகப் படிக்கிறது என்று பார்த்த பிறகு மூலத்தை நீக்குங்கள். ஒரு பேட்சைக் கழற்ற வேண்டிய நாள் வந்தால் அதே பாதையில் திரும்ப வைத்துவிட்டு பேட்ச்ஆர்எம் கொடுக்கலாம். அப்சலீட்.இசட்டை முதலில் எடுங்கள், அதிலேயே இடம் போதும் என்றால் அண்டூவைத் தொட வேண்டாம்.

/வார்/எஸ்ஏடிஎம்/இன்ஸ்டாலில் இருக்கும் கன்டென்ட்ஸ் கோப்பு பெரிதாகக் கண்ணை உறுத்தும். அதில் கை வைக்காதீர்கள், பேக்கேஜ் பதிவேடு அதுதான். அடுத்த பேட்ச்களுக்கு, பேட்ச்ஆடில் '-பி' (பேக்கவுட் என்பதன் முதல் எழுத்து) பெரிய எழுத்தில் கொடுத்துச் சேமிப்பை வேறு டிஸ்க்குக்கு அனுப்பலாம். '-டி' கொடுத்துச் சேமிக்காமலே போடுவதைவிட இது மேல்.

சோலாரிஸ் 11க்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே பழைய பூட் சூழல்கள், அதாவது முந்தைய நிலையின் இயங்குதள நகல்கள்தான் இடம் பிடிக்கும், பிஈஆட்ம் கொண்டு நீக்கினால் முடிந்தது.

## /வாரைப் பெரிதாக்குவது

முதலில் விஜி-டிஸ்பிளே கொடுத்து விஜி00இல் ஃப்ரீ பிஈ, அதாவது இன்னும் ஒதுக்கப்படாத டிஸ்க் துண்டுகள், எத்தனை என்று பாருங்கள். அதை பிஈ அளவால் பெருக்கினால் மிச்ச இடம் தெரியும். இருந்தால் எல்வி-எக்ஸ்டெண்ட் கொடுத்து வால்யூமை நீட்டலாம். வால்யூம் நீண்டாலும் கோப்பு முறைமை தானாக நீளாது என்பதுதான் சிக்கல். ஆன்லைன்-ஜேஎஃப்எஸ் உரிமம் இருந்தால் எஃப்எஸ்-ஆட்ம் மூலம் ஓடும்போதே நீட்டிவிடலாம். அது எல்லாத் தொகுப்பிலும் வராது. இல்லையென்றால் /வாரை அன்மவுண்ட் செய்து எக்ஸ்டெண்ட்-எஃப்எஸ் கொடுக்க வேண்டும். /வாரை ஓடும் இயந்திரத்தில் அன்மவுண்ட் செய்ய முடியாது, சிங்கிள் யூசரில், அதாவது மற்ற பயனர்கள் யாரும் இல்லாத நிலையில், ஏற்ற வேண்டும். அதாவது நிறுத்தம். ஆலை ஓடும் நேரம் என்றால் எடைப் பாலத்தில் அதுவரை கைச்சீட்டு எழுத வேண்டும், பிறகு அதைப் பதிய ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் ஓவர்டைமும் இந்த வழியின் செலவில் சேரும்.

விஜி00இல் இடமில்லை என்றால் புதிய டிஸ்க். எச்பி-யூஎக்ஸ் ஓடும் எச்பி 9000 சர்வர்களின் விற்பனை 2008 கடைசியில் நின்றது. அதற்குப் பின்வந்த சர்வர்களில் இருக்கும் இட்டானியம் சிப்பை இன்டெல் கடைசியாக அனுப்பியது 2021 ஜூலையில். ஆகவே கிடைப்பதெல்லாம் யாரோ கழற்றி விற்கும் பழைய டிஸ்க். வயதான இயந்திரத்துக்கு வயதான டிஸ்க் வாங்க வெள்ளி கொட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கையில் கண்ணாடிப் பிம்பமாக ஓடும் டிஸ்க் ஜோடி இருந்தால் அதைப் பிரித்து இடம் தேடும் யோசனையும் வேண்டாம்.

லாக்கும் அச்சு வரிசையும் உண்மையாகவே வளர்ந்துகொண்டே போகும் இயந்திரத்தில் மட்டும் இதுதான் சரி. அங்கே பேட்ச் சேமிப்பை எவ்வளவு கரைத்தாலும் சில மாதம்தான் தாங்கும்.

ஏஐஎக்ஸ்காரர்கள் இந்தப் பகுதியில் சிரித்துக்கொள்ளலாம். சிஎச்எஃப்எஸ் கொடுத்தால் /வாரோ /யூஎஸ்ஆரோ ஓடும்போதே நீளும். அவர்களுக்கும் அப்ளைடு, கமிட்டட் நிலைகள் உண்டு. இன்ஸ்டால்பி '-எஸ்' கொடுத்தால் எது கமிட் ஆகாமல் நிற்கிறது என்று காட்டும், '-சி' கமிட் செய்யும். அந்தச் சேமிப்பு பெரும்பாலும் /யூஎஸ்ஆர் கீழேதான் இருக்கும், ஆகவே /வார் நிறைந்ததற்கு அங்கே பேட்சைச் சந்தேகிக்க வேண்டாம்.

## எந்த நாளில் கை வைப்பது

வேலைவாய்ப்புச் சட்டம் 1955இன்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டக் கடைசி நாள் 15. மாதக் கடைசி வாரம் செக்ரோல் மூடும் நெருக்கடி. ஆக 16இலிருந்து 24 வரைதான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. தீபாவளி முன்பணம் ஓடும் மாதத்தில் அதுவும் சுருங்கும். நிறுத்தம் தேவைப்படும் வழியானால் ஆலை மேலாளரிடம் பராமரிப்புக்காக நிறுத்தும் நாளைக் கேட்டு அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

5ஆம் தேதி /வார் நிறைந்து சம்பளச் சீட்டு அச்சாகவில்லை என்றால் கமிட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கிராஷ் டம்ப்பையோ டிப்போவையோ வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி அன்றைய வேலையை முடியுங்கள், 16க்குப் பிறகு உட்காரலாம்.

கமிட் செய்த பிறகு எஸ்டபிள்யூ-வெரிஃபை ஒரு முறை ஓட்டிவிடுங்கள். கிளீனப்.லாக்கின் அச்சு நகல் ஒன்றைச் சர்வர் அறைக் கோப்பில் போட்டு, மேலே தேதியையும் எந்த விருப்பம் கொடுத்தீர்கள் என்பதையும் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்து வரும் தம்பி உங்களிடம் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்காது.